பாம்பன் தண்ணீரில் ஒரு பறக்கும் தட்டு

2020-ல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில், ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் வாயேஜர் விண்கலத்தை 15 மைக்ரான் நீளத்தில் லேசரால் அச்சடித்தார்கள். தலைமுடியின் தடிமனில் கால்வாசிகூட இல்லை. அந்த மெஷினுக்கு நான் எங்கே போவேன்? மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு விண்கலம் அடுக்க எனக்கு டயாட்டம் போதும். கண்ணாடி ஓடு கொண்ட நுண்பாசி அது. அதில் வட்டமான காசினோடிஸ்கஸ் வகையைப் பார்த்தால் அசல் பறக்கும் தட்டேதான்.

பாம்பன் கரையில் ஒரு வாளி கடல் தண்ணீர் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை மெதுவாகக் கொட்டிவிட்டு அடி வண்டலை மட்டும் பாட்டிலில் எடுங்கள். வள்ளம் கட்டிய கயிற்றின் பழுப்பு வழுவழுப்பையும் சுரண்டிச் சேர்த்தால் படகு வடிவ டயாட்டமும் கிடைக்கும், இறக்கைக்கு ஆகும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். வாயு வரும், மூடியை இறுக்காதீர்கள். (லெய்டன் கலம் நீந்தியதும் இதே பெராக்சைடில்தான், பிளாட்டினப் பூச்சின் தயவில்.)

அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில் ஐந்தாறு முறை அலசுங்கள். முதல் தடவை நான் இரண்டோடு நிறுத்தினேன்; ஸ்லைடு முழுக்க உப்புக் கட்டிதான் தெரிந்தது.

பல்குச்சி நுனியில் ஒரு கண்ணிமை முடியை ஒட்டுங்கள். அதுதான் கருவி. ஜெலட்டின் மெல்லிசாகப் பூசிக் காய்ந்த ஸ்லைடில், நூறு மடங்கு பெருக்கத்தில் பார்த்தபடி ஒவ்வொன்றாகத் தள்ளி அடுக்குங்கள். முடிந்ததும் 'ஹா' என்று லேசாக மூச்சு விட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊதிவிடாதீர்கள். ஃபேனையும் அணைத்துவிடுங்கள், எங்கள் ஊர் காற்றுக்கு ஜன்னலையும் சாத்துங்கள். என் முதல் கலத்தின் இடது இறக்கை இன்னும் வீட்டில் எங்கேயோதான் கிடக்கிறது.