டர்போ சூட்டில் பானெட் பாகங்கள் கருகாமலிருக்க

கடும் இழுவையில், புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவின் எக்ஸாஸ்ட் (புகை வரும்) பக்கம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்படிச் சூடான வண்டி சென்னையில் கடலோர எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் சிக்கினால் காற்றோட்டம் நின்று, பக்கத்து ஒயரும் ஹோஸும்தான் வேகும்.

முதலில் டர்போவின் வெப்பத் தடுப்புத் தகட்டை அசைத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடித்துத் தகடு ஆடும். சர்வீஸில் கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விடுவதும் நடக்கிறது.

ஒயர்களை விலக்கிக் கட்டி, அலுமினியப் பூச்சு வெளியே தெரிய ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ் (உறை) போடுங்கள். கட்டுவதற்கு ஸ்டீல் டை; பிளாஸ்டிக் டை நொறுங்கும், சாதா டேப் பிசினாக வழியும். பானெட் அடியிலுள்ள இன்சுலேஷன் அட்டையில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்: தீப்பிடிக்கும். வேகமாக ஓட்டி வந்தால், அணைக்குமுன் டர்போ சூடு தணிய ஒரு நிமிடம் ஐடிலில் (நின்றபடி, ஆக்சிலேட்டர் மிதிக்காமல்) ஓட விடுங்கள்.