ஐந்தோவனுக்கு வரும் சேலத்துக்காரர்களே, பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள்

சேலத்திலிருந்து நெதர்லாந்துக்கு, குறிப்பாக ஐந்தோவனுக்கு, வேலைக்கு வருபவர்கள் பெட்டியில் மிளகாய்த்தூளுக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது காகிதங்களுக்கும் காட்ட வேண்டும். 4 மாதங்களுக்கு மேல் தங்குபவர்கள் வந்த 5 நாட்களுக்குள் நகராட்சியில் பதிந்துகொண்டு பி.எஸ்.என். என்னும் குடிமக்கள் சேவை எண்ணைப் பெற வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் நிறுவனமே சொல்லிவிடும். அதற்குக் கேட்கப்படும் பிறப்புச் சான்றிதழை ஊரில் என்ன பாடுபடுத்தி வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு பீரோவில், மஞ்சள் பைக்குள், என் சான்றிதழ் முனைகள் வட்டமாக வெட்டப்பட்டு, கெட்டியான லேமினேஷனுக்குள் பளபளவென்று இருந்தது. "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஓர் ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும்படி சான்றளிக்கும் அப்போஸ்டில் ஏற்பாடு 2005 முதல் இந்தியாவில் நடப்பில் இருக்கிறது. அதன்படி, மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பிறகு, வெளியுறவு அமைச்சகம் மூல ஆவணத்தின் பின்புறத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் தருகிறது. பிளாஸ்டிக்கின் மேல் அதை ஒட்ட மாட்டார்கள் என்று சென்னை முகவர் என் சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடையொன்றில் சூடு காட்டி உரித்துப் பார்த்தபோது, ஊதா முத்திரையின் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அப்பா சித்திரை வெயிலில் மாநகராட்சி அலுவலகத்துக்கு 3 முறை அலைந்து புதுப் பிரதி வாங்கினார். அதிலும் பழைய பதிவேட்டில் என் பெயர் ஏறாமலிருந்ததால், அதைச் சேர்க்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. ஆகவே புறப்படுமுன் உங்கள் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். திருமணச் சான்றிதழையும் ஒளிபுகும் உறையில் வையுங்கள், லேமினேஷன் கடைப் பக்கம் போகவே போகாதீர்கள்.

இங்கே வந்தபின் காகிதம் குறையும் என்று எண்ண வேண்டாம். வரித்துறையின் நீல உறை, அரசு இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் டிஜிடி (DigiD) கணக்கைத் திறக்கும் குறியீடு, தண்ணீர்க் கட்டணம் என்று அஞ்சல் பெட்டி நிறைந்துகொண்டே இருக்கும். டச்சு புரியவில்லை என்று நீல உறையைச் சமையலறை மேடையில் போட்டுவைப்பதுதான் நம்மவர் வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். வந்த அன்றே பிரித்து, கடைசித் தேதியை மேல் மூலையில் எழுதி, துளையிட்டு, இரும்பு வளையம் வைத்த தடித்த கோப்பில் சேருங்கள். வரிக் காகிதங்களை 5 ஆண்டுகளாவது வைத்திருங்கள், பி.எஸ்.என். அச்சான தாளைக் கிழிக்காமல் பழைய காகிதத் தொட்டியில் போடாதீர்கள்.

பல அலுவலகங்களில் சொந்த மேசையும் இழுப்பறையும் கிடையாது என்பதால் வேலை ஒப்பந்தத்தை அங்கே விட்டுவைக்க வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான 30 விழுக்காடு வரிச்சலுகை ஆணையை வீட்டுக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள், வேலை மாறும்போது முதலில் தேடப்போவது அதைத்தான்.

உரித்த பழைய சான்றிதழை அப்பா இன்னும் தூக்கிப் போடவில்லை. மஞ்சள் பைக்குள், இம்முறை வெறும் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறார்.