மூன்று குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது எப்படி? ஜமோவி மென்பொருளில் ஒருவழி அனோவா

இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட டி சோதனை போதும். குழுக்கள் மூன்றாகவோ ஐந்தாகவோ பெருகும்போது, அதே டி சோதனையை இரண்டிரண்டு குழுக்களாக எடுத்து மாற்றி மாற்றிச் செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். ஆய்வேடுகளில் இப்படிச் செய்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே செய்தும் இருக்கிறேன். அதில் உள்ள சிக்கல் எளிமையானது. உண்மையில் வேறுபாடே இல்லாத இடத்தில் 'வேறுபாடு உண்டு' என்று தவறாகச் சொல்லிவிடும் வாய்ப்பு ஒவ்வொரு சோதனைக்கும் 5% என்று வைத்துக்கொண்டால், மூன்று சோதனைகளிலும் தவறாமல் தப்பிக்கும் வாய்ப்பு 0.95 × 0.95 × 0.95, அதாவது சுமார் 0.857. ஒரு முறையாவது தவறும் வாய்ப்பு 14 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஐந்து குழுக்கள் இருந்தால் பத்து இணைகள் வரும். அப்போது அது 40 விழுக்காட்டைத் தொடும். இந்த இணைகள் ஒன்றையொன்று முற்றிலும் சாராதவை அல்ல என்பதால் கணக்கு சற்று மாறும் என்றாலும், ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ள இது போதும்.

இதற்குத் தீர்வாகவே எல்லாக் குழுக்களையும் ஒரே சோதனையில் ஒப்பிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு, அதாவது அனோவா, பயன்படுகிறது. ரொனால்ட் ஃபிஷர் வேளாண் சோதனைகளுக்காக வளர்த்தெடுத்து, 1925இல் வெளியிட்ட தம் நூலின் வழியே பரவலாக்கிய முறை இது. ஜமோவி என்ற இலவச மென்பொருளில் இதைத் தொடக்கம் முதல் முடிவு எழுதும் வரை எப்படிச் செய்வது என்பதைக் கீழே காணலாம். ஜமோவி உள்ளே ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியைக் கொண்டே இயங்குகிறது; ஆனால் நீங்கள் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை.

தரவை உள்ளிடுதல்

ஆர் மொழியோடு சேர்ந்தே வரும் 'பிளாண்ட் குரோத்' என்ற சிறிய தரவுத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று சூழல்களில் வளர்ந்த செடிகளின் உலர் எடை இதில் உள்ளது. குழுவுக்குப் பத்துச் செடிகள்.

கட்டுப்பாட்டுக் குழு: 4.17, 5.58, 5.18, 6.11, 4.50, 4.61, 5.17, 4.53, 5.33, 5.14

முதல் முறை: 4.81, 4.17, 4.41, 3.59, 5.87, 3.83, 6.03, 4.89, 4.32, 4.69

இரண்டாம் முறை: 6.31, 5.12, 5.54, 5.50, 5.37, 5.29, 4.92, 6.15, 5.80, 5.26

புதியவர்கள் முதலில் இடறி விழும் இடம் இதுதான். மேலே மூன்று வரிசைகளாகப் பார்த்ததும், மூன்று நெடுவரிசைகளில் பத்துப் பத்து எண்களாக உள்ளிடத் தோன்றும். அப்படி உள்ளிட்டால் ஒருவழி அனோவாவை இயக்க முடியாது. ஒரு செடிக்கு ஒரு வரி என்பதே விதி. ஆகவே முப்பது வரிகளும் இரண்டு நெடுவரிசைகளும் தேவை: ஒன்றில் அந்தச் செடி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதும், மற்றொன்றில் அதன் எடையும் இருக்க வேண்டும்.

ஜமோவியைத் திறந்ததும் வெற்று அட்டவணை தோன்றும். முதல் நெடுவரிசையின் தலைப்பை இருமுறை சொடுக்கி, 'குழு' என்று பெயரிட்டு, அளவை வகையை 'நாமினல்' என்று வைக்கவும். இரண்டாவதற்கு 'எடை' என்று பெயரிட்டு 'கன்டினியுவஸ்' என்று தேர்ந்தெடுக்கவும். குழுக்களுக்குப் பெயர் எழுதாமல் 1, 2, 3 என்று குறியீடு கொடுத்தவர்கள் இந்த வகையைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். இங்கே 3 என்பது 1ஐவிட மும்மடங்கு பெரிய ஒன்றைக் குறிக்கவில்லை, வெறும் அடையாளம் மட்டுமே.

சோதனைக்கு முன் படம்

நேரே பி மதிப்பை (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பை) தேடி ஓடாமல், 'அனாலிசஸ்' தாவலில் 'எக்ஸ்ப்ளோரேஷன்', அதனுள் 'டிஸ்கிரிப்டிவ்ஸ்' என்று செல்லுங்கள். எடையை 'வேரியபிள்ஸ்' பெட்டியிலும் குழுவை 'ஸ்பிளிட் பை' பெட்டியிலும் இட்டு, 'பிளாட்ஸ்' பகுதியில் பெட்டி வரைபடத்தையும் தரவுப் புள்ளிகளையும் தேர்ந்தெடுக்கவும்.

சராசரிகள் முறையே 5.032, 4.661, 5.526 என்றும், திட்டவிலக்கங்கள் 0.583, 0.794, 0.443 என்றும் கிடைக்கும். படத்தில் முதல் முறைக் குழுவைக் கவனியுங்கள்: 5.87, 6.03 ஆகிய இரண்டு புள்ளிகள் மற்ற எட்டையும் விட்டு மேலே தனித்து நிற்கின்றன. இவற்றை நீக்கிவிட்டால் முடிவு 'நன்றாக' வரும் என்ற சபலம் பலருக்கு வரும். தட்டச்சுப் பிழை, கருவிக் கோளாறு போன்ற தெளிவான காரணம் இல்லாதவரை அவற்றைத் தொடக் கூடாது. நாமும் தொடப்போவதில்லை.

அனோவாவை இயக்குதல்

'அனாலிசஸ்' தாவலில் 'அனோவா' என்ற பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் 'ஒன்-வே அனோவா'வைத் தேர்ந்தெடுக்கவும். எடையை 'டிபென்டன்ட் வேரியபிள்ஸ்' பெட்டிக்கும் குழுவை 'குரூப்பிங் வேரியபிள்' பெட்டிக்கும் நகர்த்தியதும், வலப்பக்கத்தில் முடிவு உடனே தோன்றிவிடும்.

'வேரியன்சஸ்' என்ற பகுதியில் இரண்டு தேர்வுகள் இருக்கும். ஜமோவி தானாகவே குறியிட்டு வைத்திருப்பது வெல்ச் முறை. குழுக்களின் மாறுபாடுகள், அதாவது ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எண்கள் சிதறியிருக்கும் அளவுகள், சமமாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை. மற்றொன்று ஃபிஷர் முறை. அது மாறுபாடுகள் சமம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. அன்றாட வேலைக்கு வெல்ச் முறையையே நான் பரிந்துரைப்பேன். மாறுபாடுகள் சமமாக இருக்கும் இடத்திலும் அதனால் நமக்குப் பெரிய இழப்பு இல்லை. இருப்பினும், கணக்கைக் கையால் தொடர்ந்து பார்க்க ஏற்றது ஃபிஷர் முறை என்பதால் இங்கே இரண்டையும் குறியிடுவோம். வெல்ச் வரியில் எஃப் மதிப்பு 5.18, பி மதிப்பு 0.017 என்றும், ஃபிஷர் வரியில் எஃப் மதிப்பு 4.85, பி மதிப்பு 0.016 என்றும் வரும். எது சிறிய பி மதிப்பைத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்வது ஏமாற்று வேலை. எந்த முறை என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

'அசம்ப்ஷன் செக்ஸ்' பகுதியில் உள்ள மூன்றையும் குறியிடவும். லெவீன் சோதனையின் பி மதிப்பு 0.306, மாறுபாடுகள் சமமற்றவை என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஷாபிரோ-வில்க் சோதனையின் பி மதிப்பு 0.438, எச்சங்கள், அதாவது ஒவ்வொரு செடியின் எடையும் தன் குழுச் சராசரியிலிருந்து விலகும் அளவுகள், இயல்நிலைப் பரவலிலிருந்து விலகுவதாகவும் சொல்ல முடியாது. கியூ-கியூ வரைபடத்தில் புள்ளிகள் சாய்கோட்டை ஒட்டியே செல்கின்றனவா என்பதைக் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவதானிப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்ற நிபந்தனையை மட்டும் எந்தப் பொத்தானும் சோதித்துத் தராது. ஒரே செடியை மூன்று முறை எடைபோட்டு மூன்று வரிகளாக உள்ளிட்டிருந்தால், மென்பொருள் அதைக் கண்டுபிடிக்காமல் மகிழ்ச்சியாகக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

எஃப் மதிப்பு எங்கிருந்து வருகிறது?

இந்த எண்ணைப் பொருள் தெரியாமலே பயன்படுத்துபவர்கள் அதிகம் என்பதால் இங்கே சற்று நின்று செல்வோம். முப்பது செடிகளின் ஒட்டுமொத்தச் சராசரி 5.073. மூன்று குழுச் சராசரிகளும் இதிலிருந்து முறையே −0.041, −0.412, 0.453 என்று விலகி நிற்கின்றன. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, குழுவுக்குப் பத்துச் செடிகள் என்பதால் பத்தால் பெருக்கினால் 3.766 கிடைக்கும். மூன்று குழுக்களுக்கு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (தடையின்றி மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 2 என்பதால், அதை இரண்டால் வகுக்க 1.883. இது குழுக்களுக்கு இடையே உள்ள மாறுபாடு.

அடுத்து, ஒவ்வொரு செடியும் தன் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களை எல்லாம் கூட்டினால் 10.492. முப்பது செடிகளில் மூன்று சராசரிகளைக் கழித்து எஞ்சும் 27ஆல் வகுத்தால் 0.389. இது குழுவுக்கு உள்ளேயே இருக்கும் மாறுபாடு. ஒரே சூழலில் வளர்ந்த செடிகளுக்குள்ளேயே இயற்கையாகக் காணப்படும் ஏற்றத்தாழ்வு என்று சொல்லலாம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதுதான் 4.85.

குழுக்களுக்கு இடையே உண்மையான வேறுபாடு எதுவும் இல்லையென்றால் இந்த விகிதம் ஒன்றை ஒட்டியே இருக்கும். நமக்கு வந்திருப்பதோ ஏறத்தாழ ஐந்து. மூன்று சூழல்களும் ஒரே சராசரியைத் தருவனவே என்ற இன்மைக் கருதுகோள் மெய்யாக இருந்தால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய விகிதம் தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு 1.6% என்பதே 0.016 என்ற பி மதிப்பின் பொருள். கருதுகோள் மெய்யாக இருப்பதற்கான வாய்ப்பு 1.6% என்று அதைப் படிக்கக் கூடாது. இரண்டும் வெவ்வேறு கூற்றுகள்.

எந்தக் குழு வேறுபடுகிறது?

அனோவா இதுவரை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மூன்று சராசரிகளும் சமம் என்ற கூற்று நிற்கவில்லை. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று அது சொல்லவில்லை. அதற்கு 'போஸ்ட்-ஹாக் டெஸ்ட்ஸ்' என்ற பகுதியை விரிக்க வேண்டும். வெல்ச் முறையைத் தேர்ந்தவர்கள் கேம்ஸ்-ஹோவெல் சோதனையையும், ஃபிஷர் முறையைத் தேர்ந்தவர்கள் டூக்கி சோதனையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே ஒப்பீடுகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டு பி மதிப்பைத் திருத்தியே தருகின்றன.

டூக்கி அட்டவணையில் மூன்று இணைகள் இருக்கும். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் முதல் முறைக்கும் இடையே சராசரி வேறுபாடு 0.371, பி மதிப்பு 0.391. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே வேறுபாடு 0.494, பி மதிப்பு 0.198. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே வேறுபாடு 0.865, பி மதிப்பு 0.012. கேம்ஸ்-ஹோவெல் சோதனையில் எண்கள் மாறினாலும் தீர்ப்பு மாறுவதில்லை.

இந்தத் தரவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்த அட்டவணைதான். இரு முறைகளில் எதுவும் கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து புள்ளியியல் முக்கியத்துவத்தோடு வேறுபடவில்லை; ஆனால் அவை இரண்டும் தமக்குள் வேறுபடுகின்றன. முதலில் இது முரண்பாடாகத் தோன்றும். கட்டுப்பாட்டுக் குழு நடுவில் நிற்கிறது, ஒரு முறை அதற்குக் கீழேயும் மற்றொன்று மேலேயும் விலகியுள்ளன என்று சராசரிகளை மனத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தால் குழப்பம் தீரும். இரு முனைகளுக்கும் இடையே உள்ள தொலைவு மட்டுமே, பத்துப் பத்துச் செடிகளைக் கொண்டு உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. 0.198 என்ற பி மதிப்பைக் கண்டு, 'இரண்டாம் முறையும் கட்டுப்பாட்டுக் குழுவும் ஒன்றே' என்று எழுதிவிடாதீர்கள். வேறுபாடு உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பது வேறு, வேறுபாடே இல்லை என்பது வேறு.

தனித்தனி டி சோதனைகள் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். கட்டுப்பாட்டுக் குழுவையும் இரண்டாம் முறையையும் மட்டும் எடுத்து வெல்ச் வகை டி சோதனை செய்தால் பி மதிப்பு 0.048 வரும். 0.05 என்ற கோட்டை மயிரிழையில் தாண்டியதும், 'இரண்டாம் முறை செடியின் எடையைக் கூட்டுகிறது' என்று ஆய்வேட்டில் எழுதியிருப்போம். மூன்று ஒப்பீடுகளுக்கான திருத்தம் அந்தக் கூற்றைத் தாங்கவில்லை.

நிபந்தனைகள் பொருந்தாவிட்டால்

எச்சங்கள் இயல்நிலையிலிருந்து வெகுவாக விலகி, குழுக்களும் சிறியனவாக இருந்தால், அதே 'அனோவா' பட்டியலின் கீழ்ப்பகுதியில் உள்ள குரஸ்கல்-வாலிஸ் சோதனையைப் பயன்படுத்தலாம். எண்களுக்குப் பதிலாக அவற்றின் தரவரிசையை வைத்துக் கணக்கிடும் முறை இது. நம் தரவுக்கு அதன் பி மதிப்பு 0.018. இணை ஒப்பீடுகளுக்கு அங்கேயே தனித் தேர்வு உண்டு. எஸ்பிஎஸ்எஸ் என்ற மற்றொரு புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துவோர் 'அனலைஸ்' பட்டியலில் சராசரிகளை ஒப்பிடும் பகுதிக்குள் 'ஒன்-வே அனோவா'வைக் காணலாம். வெல்ச் சோதனையும் லெவீன் சோதனையும் அங்கே 'ஆப்ஷன்ஸ்' பொத்தானுக்குள் உள்ளன.

முடிவை எழுதுதல்

பி மதிப்பு விளைவின் அளவைச் சொல்லாது என்பதால், ஈட்டா வர்க்கத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. 'ஒன்-வே அனோவா' பக்கத்தில் அது இருக்காது. அதே பட்டியலில் வெறுமனே 'அனோவா' என்றிருக்கும் மற்றொரு தேர்வைத் திறந்தால் 'எஃபெக்ட் சைஸ்' என்ற இடத்தில் கிடைக்கும். 3.766ஐ மொத்தமான 14.258ஆல் வகுத்து வரும் 0.264 அது, எடையில் காணப்படும் மொத்த மாறுபாட்டில் சுமார் 26% குழுப் பிரிவோடு தொடர்புடையது என்று பொருள்.

ஆய்வேட்டில் இப்படி எழுதலாம்: "மூன்று குழுக்களின் உலர் எடைச் சராசரிகளிடையே புள்ளியியல் முக்கியத்துவம் உள்ள வேறுபாடு காணப்பட்டது; எஃப்(2, 27) = 4.85, பி = 0.016, ஈட்டா வர்க்கம் = 0.26. டூக்கி சோதனையின்படி, இரண்டாம் முறையில் வளர்ந்த செடிகளின் சராசரி எடை (5.53) முதல் முறையில் வளர்ந்தவற்றின் எடையைவிட (4.66) அதிகம்; பி = 0.012. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் (5.03) இவ்விரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடுகள் முக்கியத்துவ எல்லையை எட்டவில்லை." சில நேரம் பி மதிப்பின் இடத்தில் 0.001ஐவிடக் குறைவு என்று மென்பொருள் காட்டும்; அதைப் பூச்சியம் என்று மாற்றி எழுதாமல் அப்படியே எழுத வேண்டும்.