பனங்கொட்டையே சார்ட்: விதை முளைப்பதைக் காட்ட ஒரு வழி

விதை முளைத்தல் பாடத்துக்குக் கடையில் வாங்கும் சார்ட்டில் அநேகமாக அவரை விதைதான் இருக்கும். திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் பனங்கொட்டையைத்தான் காட்டுகிறேன். கடைசி வரிசை வரை தெரியும், காசும் செலவில்லை.

ஆவணியில் பழம் விழும்போதே கொட்டைகளைச் சேர்த்துவிடுங்கள். இருபது போதும். பள்ளித் தோட்டத்து ஓரத்தில் மணலைக் குவித்துப் பாத்தி போட்டு, நெருக்கி அடுக்கி, லேசாக மூடித் தண்ணீர் தெளியுங்கள். தேரி மணல் (செம்மணல் மேட்டு மணல்) கிடைத்தால் நல்லது, தோண்டும்போது முளை உடையாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கொட்டைகளைப் பக்கவாட்டில் தோண்டி எடுங்கள். மேலே பிடித்து இழுத்தால் அறுந்துவிடும்.

முதலில் கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்கும். கிழங்கு திரள்வது அதன் நுனிப் பக்கம்தான். இனி கொட்டையைப் பிளக்க வேண்டும். அதை நீங்களே செய்யுங்கள், அரிவாள் பிள்ளைகள் கைக்குப் போகக்கூடாது. உள்ளே நாம் தின்கிற தவுண், அதாவது பஞ்சு போன்ற சதை இருக்கும், அதைச் சுற்றி வெள்ளைப் பருப்பு இருக்கும். கோடையில் நுங்காக இருந்ததுதான் முற்றிக் கெட்டியான வெள்ளைப் பருப்பாகிறது. தவுண் அந்தப் பருப்பைக் கரைத்து உறிஞ்சி முளைக்கு அனுப்புகிறது. அதனால் ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் தவுண் பெருத்திருக்கும், பருப்பு மெலிந்திருக்கும். பிள்ளைகள் பார்க்க வேண்டியது இதைத்தான். விதைக்குள் இருக்கும் சாப்பாடு எங்கே போகிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

தவுண் சீக்கிரம் கறுத்துச் சுருங்கும். எனவே பிளந்த அன்றே, பாதிக் கொட்டையைப் பழைய காலண்டர் அட்டையில் சணலால் கட்டுங்கள். ஈரத்தில் பசை பிடிக்காது. பக்கத்திலேயே அதே அளவில் வரைந்து வண்ணம் அடித்துவிடுங்கள். கொட்டையைத் தூக்கிப் போட்ட பிறகும் படம் இருக்கும். கார்த்திகைக்குள் எல்லா நிலைகளும் வரிசையாகச் சேர்ந்துவிடும். பாகங்களின் பெயர்களை அட்டையில் எழுதாதீர்கள். தனித்தனித் துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளே குத்தி வைப்பார்கள்.

நுங்குக்கு மட்டும் சித்திரையிலேயே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கிடைக்காது.

பனை இல்லாத ஊர் என்றால் கண்ணாடிப் பாட்டிலின் உள்சுவரை ஒட்டி ஈரத்துணி வைத்து, இரவு முழுக்க ஊறிய மொச்சையைத் தினம் ஒன்றாக இடையில் செருகுங்கள். ஒரு வாரத்தில் எல்லா நிலையும் ஒரே பாட்டிலில் தெரியும்.

மிச்சக் கொட்டைகள் தை வரை மண்ணிலேயே இருக்கட்டும். பொங்கலை ஒட்டிக் கிழங்கு பிடுங்கியதும் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, நடுவே இருக்கும் குருத்தைக் காட்டுங்கள். அவிக்கப் போடுவதற்கு முன்னாலேயே காட்டிவிடுங்கள், பிறகு ஒன்றும் மிஞ்சாது.