ஓடும் மைசீக்வெல்லை நிறுத்தாமல் பேக்கப்: பைனரி லாக் எத்தனை நாள் இருக்க வேண்டும்?

மைசீக்வெல் டேட்டாபேஸுக்கு ரெப்ளிகா (சோர்ஸ் எனும் முதன்மை சர்வரைப் பின்தொடரும் நகல் சர்வர்) இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சோர்ஸில் நடக்கும் மாற்றங்கள் வரிசையாகப் பதிவாகும் ஃபைல்கள்தான் பைனரி லாக், ரெப்ளிகா அதைப் படித்துத்தான் பின்தொடர்கிறது. சோர்ஸில் யாராவது டிராப் டேபிள் (டேபிளையே அழிக்கும் கட்டளை) அடித்தால் ரெப்ளிகாவிலும் அது உடனே போய்விடும். அதனால் இரண்டும் வேண்டும். சர்வர், யூசர் எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. டேட்டாவை ஒரு ஃபைலாக எடுத்துத் தரும் மைசீக்வெல்டம்ப் கருவியை சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இன்னோடிபி (மைசீக்வெல்லின் இயல்பான சேமிப்பு முறை) டேபிள்கள் எல்லாம் ஒரே கணத்தில் இருந்த நிலையில் கிடைக்கும், சைட்டும் நிற்காது. டம்ப் முடியும்வரை ஆல்டர் டேபிள் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளை) பக்கம் யாரும் போகக் கூடாது.

2. கூடவே சோர்ஸ்-டேட்டா ஆப்ஷனுக்கு 2 என்ற மதிப்பைக் கொடுங்கள். 8.0.26-க்கு முந்தைய பதிப்பில் இதன் பெயர் மாஸ்டர்-டேட்டா. டம்ப் ஃபைலின் மேலே கமெண்ட்டாக ஒரு வரி விழும்: பைனரி லாக் ஃபைல் 000042, பொசிஷன் 157 என்கிற மாதிரி. ரெப்ளிகா அங்கிருந்துதான் தொடர வேண்டும். இந்தப் பொசிஷனைக் குறிக்கத் தொடக்கத்தில் டேபிள்களுக்கு ஒரு சின்னப் பூட்டு (lock) விழும். அந்த நேரம் பார்த்து பெரிய ரிப்போர்ட் குவெரி ஏதாவது ஓடினால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், ராத்திரியில் எடுங்கள்.

3. இனிதான் விஷயம். பைனரி லாக் தானாக அழியும் காலம் இயல்பாக 25,92,000 விநாடி, அதாவது 30 நாள். டிஸ்க் நிறைகிறதே என்று இதை 86,400 ஆக்கிவிடுவார்கள். பேக்கப்போ வாரம் ஒருமுறை, ஞாயிறன்று. வியாழனன்று ரெப்ளிகா படுத்தால், ஞாயிறு பேக்கப்பை ஏற்றிவிட்டு 000042-ஐக் கேட்கும். சோர்ஸில் அது இருக்காது. பிழை 1236. பேக்கப் ஃபைலில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் ரெப்ளிகா எழாது. குறைந்தது இரண்டு பேக்கப் இடைவெளி அளவுக்காவது லாக் இருக்கட்டும். வாரப் பேக்கப் என்றால் 14 நாள்.

இடம் போதவில்லையா? பைனரி லாக்கைப் படிக்கும் மைசீக்வெல்பின்லாக் கருவியை ரா (லாக்கை அப்படியே எழுதும்), ஸ்டாப்-நெவர் (நிற்காமல் தொடரும்) ஆப்ஷன்களோடு வேறு மெஷினில் ஓட்டி, லாக்கை அங்கே இழுத்து வையுங்கள். இணைப்பு அறுந்தால் அது தானாக மறுபடி சேராது, அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். பழையதைக் கழிக்க பர்ஜ் பைனரி லாக்ஸ் கட்டளை இருக்கிறது, ஃபைலைக் கையால் அழிக்காதீர்கள்.

4. லாக்கிலிருந்து மீட்கும்போது எல்லா ஃபைலையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். தனித்தனியாக ஓட்டினால் டெம்பரரி டேபிள்கள் (இணைப்பு இருக்கும்வரை மட்டும் இருப்பவை) நடுவில் காணாமல் போகும்.

பிற்சேர்க்கை: 8.4-க்கு மாறியதும் சர்வர் எழவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கான்ஃபிக் ஃபைலில் லாக் அழியும் காலத்தை நாள் கணக்கில் சொல்லும் எக்ஸ்பயர்-லாக்ஸ்-டேஸ் என்ற பழைய வரி இருக்கிறதா பாருங்கள். 8.4-ல் அது கிடையாது. எடுத்துவிட்டு, விநாடிக் கணக்கில் சொல்லும் பின்லாக்-எக்ஸ்பயர்-லாக்ஸ்-செகண்ட்ஸ் என்ற புதிய வரியைப் போடுங்கள்.