ஷ்லெம் கால்வாயைக் காண முதலில் முள்ளைப் பிடியுங்கள்

பதினெட்டு ஆண்டுகளாகக் கண் திசுக்களைச் சீவி ஸ்லைடில் ஏற்றி வருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் நுண்ணோக்கியில் குனிந்ததும், கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியான ஷ்லெம் கால்வாயைத்தான் தேடுகிறார்கள். அப்படித் தேடாதீர்கள். என் முதல் ஆண்டில், கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்க்ளீராவுக்குள் கிடந்த ஒரு சிரையைக் கால்வாய் என்று குறித்துக் கொடுத்துவிட்டேன். அன்று முதல் நான் போகும் வழி வேறு.

4 எக்ஸ் லென்ஸில், பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸின் வேர் இருக்கும் மூலையைக் கொண்டுவாருங்கள். ஐரிஸுக்குப் பின்னால் உள்ள சிலியரி தசையின் நீள இழைகளைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கிப் போனால், அவை ஒரு சிறு முள்ளில் போய் முடியும். அதுதான் ஸ்க்ளீரல் ஸ்பர். வழக்கமான எச் அண்ட் ஈ (ஹெமடாக்சிலின், ஈயோசின்) சாயத்தில் தசையும் முள்ளும் ஒரே சிவப்பாகத் தெரிந்து குழப்பினால் மேசன் டிரைக்ரோம் சாயம் போட்டுப் பாருங்கள். தசை சிவக்கும், முள் நீலமாகும்.

முள்ளுக்குச் சற்று முன்னால் ஒடுங்கிய பிளவு ஒன்று தெரியும். 1830இல் ஃப்ரீட்ரிக் ஷ்லெம் விவரித்த கால்வாய் அதுவே. கண்ணைச் சுற்றி வளையமாக ஓடுவதால்தான் குறுக்கே வெட்டும்போது பிளவாகத் தெரிகிறது. அதற்கும் முன்னறைக்கும் (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவிலுள்ள நீர் நிறைந்த இடம்) இடையிலுள்ள முக்கோணச் சல்லடைதான் டிராபெகுலர் மெஷ்வொர்க்.

இனி 40 எக்ஸ். முன்னறையை ஒட்டிய பகுதி கயிறு கயிறாக, அகன்ற இடைவெளிகளோடு இருக்கும். அடுத்தது தட்டுகளாக அடுக்கியிருக்கும். வெளியே போகப் போகத் துளைகள் சிறுக்கும். கால்வாயை ஒட்டிய கடைசிப் பட்டை சில மைக்ரான்களே. அங்கே தட்டுகள் கிடையாது, தளர்வான செல்கள் மட்டும். கண்ணீர்ச் சுரப்பியின் நீரல்ல, கண்ணுக்குள்ளேயே ஊறும் நீர் வெளியேற எழும் தடையில் பெரும்பங்கு இந்தப் பட்டையிலும் கால்வாயின் உட்சுவரிலும்தான். கண் அழுத்த நோயான கிளாகோமாவில் அழுத்தம் ஏறுவதன் காரணத்தைத் தேடுகிறவர் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

உட்சுவரின் சில செல்கள் குமிழாக உப்பி, கால்வாய்க்குள் துருத்தி நிற்கும். நியூக்ளியஸ் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கல் பதித்த மோதிரம் போலத் தோன்றும். சாயக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீர் கடந்து போன தடம் அது. அழுத்தம் இறங்கிய பிறகு பதப்படுத்திய கண்ணில் இவை குறைந்துவிடும். ஆகவே ‘குமிழ்கள் இல்லை’ என்று எழுதுவதற்கு முன், கண் எந்த நிலையில் ஃபார்மலினுக்குப் போனது என்று விசாரியுங்கள். கால்வாயில் சிவப்பணுக்கள் தெரிந்தாலும் இதே கேள்விதான்: அழுத்தம் விழுந்ததும் சிரை ரத்தம் பின்னோக்கி வருவதுண்டு.

வெட்டு சாய்ந்திருந்தால் சல்லடை உண்மையைவிடத் தடித்துத் தெரியும். அந்த ஸ்லைடில் அளவெடுக்காதீர்கள். திசு பதித்த மெழுகு பிளாக்கைத் திருத்தி வைத்து, மறுபடி சீவச் சொல்லுங்கள்.