காளான் குடிலில் வெப்பமும் ஈரமும்: எங்கே தவறுகிறது?

காளான் படுக்கை, அதாவது வைக்கோலும் வித்தும் நிரப்பிய பை, கெட்டுப்போனால் முதலில் திட்டு வாங்குவது வித்துதான் (விதைபோல் போடும், காளான் இழை ஏறிய தானியம்). வித்து மோசமாக இருக்கவும் கூடும். ஆனால் மொட்டு வந்து கருகுவது, காம்பு நீண்டு குடை சிறுத்துப்போவது, குடைமேல் மஞ்சள் புள்ளி விழுவது எல்லாம் பெரும்பாலும் குடிலின் காற்றில் தொடங்கும் கோளாறுகள். வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் மூன்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் நகரும். ஒன்றை மட்டும் சரிசெய்யப் போய் மற்ற இரண்டையும் கெடுத்துக்கொள்வதே வழக்கமாக நடப்பது.

பருவத்துக்குப் பொருந்தாத ரகம்

சிப்பிக்காளான் மொட்டு விடும் அறையில் 20 முதல் 28 டிகிரி வெப்பமும், 80 முதல் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும். பால்காளானுக்கு அதே ஈரப்பதம், வெப்பம் மட்டும் 30 முதல் 35 டிகிரி. பட்டன் காளான் 14 முதல் 18 டிகிரி கேட்கும். ஊட்டி, கொடைக்கானலை விட்டால் அதற்குக் குளிரூட்டிய அறைதான் வழி.

சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் சிப்பிக்காளான் போட்டுவிட்டு, ஈரச் சாக்கையும், பனிபோல் நீர் தூவும் ஃபாகரையும் வைத்து 25 டிகிரிக்கு இறக்கப் பார்ப்பது நடக்காத காரியம். தண்ணீர் ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே அது போகாது. வெளியே 38 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லை சுமார் 27 டிகிரி. நல்ல கூலர் பேட் (கூலரில் நீர் ஊறும் அட்டை) இருந்தாலும் 29 வரைதான் வரும். கடலோர ஊரில் 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் எல்லையே 30. அங்கே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அதற்குமேல் குளிராது. கோடையில் பால்காளானுக்கு மாறிக்கொள்வதே மலிவான குளிரூட்டல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 இந்த வெயிலுக்கு ஏற்ற ரகம்தான்; நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிப்பியை வைத்துக்கொள்ளலாம்.

கருவி காட்டுவதை அப்படியே நம்புவது

கடையில் கிடைக்கும் மலிவான டிஜிட்டல் ஈரப்பதமானி 5 சதவீதம் கூடவோ குறையவோ காட்டுவது சாதாரணம். 90-க்கு மேல் போனால் பல கருவிகள் அங்கேயே நின்றுவிடும், அல்லது 99 என்று உறைந்துபோகும். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் ஜிப் கவரில் போட்டு மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 69 காட்டினால் 6 குறைவாகக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இதைவிட நம்பகமானது பழைய முறை: ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத் திரி, அதன் மேல் லேசாகக் காற்று. அறை 28 டிகிரியில் இருக்கும்போது இரண்டுக்கும் 1 டிகிரி வித்தியாசம் என்றால் ஈரப்பதம் சுமார் 92 சதவீதம்; 2 டிகிரி என்றால் 85; 3 என்றால் 78; 4 என்றால் 72. திரி உப்பேறிக் கெட்டியானால் வாரம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். கதவோரம், ஃபாகர் தூவும் வழி, சுவரோடு ஒட்டிய இடம் மூன்றும் ஆகாது. படுக்கையின் உயரத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தொங்கவிடுங்கள். உறி கட்டும் குடிலில் மேல் படுக்கைக்கும் கீழ்ப் படுக்கைக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும், தகரக் கூரையானால் இன்னும் கூடுதல். ஒரு கருவிதான் இருக்கிறது என்றால் அது மேல் படுக்கையருகே இருக்கட்டும்.

வித்து பரவும் கட்டத்தில், அதாவது வித்திலிருந்து இழை வைக்கோலில் படரும்போது, அறையின் வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது. காளான் இழை வளரும்போது தானே சூடு விடும்; படுக்கையின் நடுப்பகுதி அறையைவிட 2 முதல் 4 டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 32 என்று நிம்மதியாக இருக்கும்போது சிப்பிக்காளான் படுக்கையின் நடு 35-ஐத் தாண்டியிருக்கலாம். அந்தச் சூட்டில் இழை தளர்ந்துபோகும், பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். கம்பி வெப்பமானி ஒன்றை ஒரு படுக்கையின் நடுவில் செருகி வையுங்கள். பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காமல் நாலு விரல், முடிந்தால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

குடம் குடமாகத் தண்ணீர்

இதில்தான் எல்லாரும் அளவு தவறுகிறார்கள். 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையில் சுமார் 68 கனமீட்டர் காற்று இருக்கும். 28 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவிதான் தாங்கும். ஆக, அறையை முழுக்க நிறைத்தாலும் அந்தக் காற்றில் இருக்கும் மொத்தத் தண்ணீர் 2 லிட்டருக்கும் குறைவு. 50 சதவீதத்திலிருந்து 85-க்கு ஏற்றத் தேவை சுமார் 650 மில்லிதான். நாலு குடம் அடித்தால் மீதி எல்லாம் காளான்மேலும் தரையிலும்தான் நிற்கும்.

பிறகு ஏன் அடித்த அரை மணியில் ஈரப்பதம் இறங்கிவிடுகிறது? காற்று வெளியே போய்ப் புதுக் காற்று வருவதால். மணிக்கு 4 முறை அறைக்காற்று மாறினால், ஒவ்வொரு முறையும் அந்த 650 மில்லியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். மணிக்கு இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நாலு முனை உள்ள ஃபாகர் ஒன்று சரியான அழுத்தத்தில் மணிக்கு சுமார் 30 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டர் விடும். அப்படியானால் அது மணிக்கு 5 நிமிடம் ஓடினால் போதும். அந்த 5 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கொடுக்காமல், 4 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நொடி என்று டைமரில் பிரித்துக் கொடுங்கள். வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் இது இன்னும் குறையும். மணல் பரப்பிய தரையும் சுவரோரச் சாக்கும் தம் பங்குக்குக் கொடுக்கும். 3 அங்குல ஆற்று மணலைக் காலையும் மாலையும் நனைப்பது சின்னக் குடிலுக்குப் பல நாள் போதுமானது.

ஃபாகரைக் கட்டுப்படுத்தும் ஹியூமிடிஸ்டாட்டில் தொடங்கும் அளவும் நிறுத்தும் அளவும் ஒட்டியிருந்தால் மோட்டார் விட்டுவிட்டு ஓடிச் சீக்கிரம் கெடும். 82-ல் தொடங்கி 88-ல் நிற்கும்படி வையுங்கள். போர் தண்ணீர் கடினமானால் முனைகள் சுண்ணாம்பு பிடித்து அடைத்துக்கொள்ளும், பனி விழ வேண்டிய இடத்தில் சொட்டு விழும். வாரம் ஒருமுறை முனைகளைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதிர்வால் பனி எழுப்பும் அல்ட்ராசோனிக் கருவி என்றால் ஆர்ஓ தண்ணீர்தான். இல்லாவிட்டால் காளான்மேல் வெள்ளைத் தூள் படியும்.

இரவில் நடப்பது

பகலில் யாரும் தவறு செய்யாத குடிலிலும் விடியற்காலை குடைகள் நனைந்து நிற்கும். காரணம் எளிது. 25 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 23 டிகிரிக்கு இறங்கினாலே பனித்துளி படியத் தொடங்கும். இரண்டு டிகிரி இறங்க மார்கழி இரவு வேண்டாம், ஐப்பசி மழையே போதும். குடைமேல் நீர் சில மணி நேரம் காயாமல் நின்றால் பாக்டீரியா பெருகி மஞ்சள் புள்ளி விழும், பிறகு பழுப்பாகிப் பிசுபிசுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டைமரை மட்டும் நம்பி ஃபாகர் ஓட்டுவது இந்த நோயைக் கூப்பிடுவதுதான். சூரியன் சாயும்போதே ஃபாகரை நிறுத்துங்கள். உள்ளே ஒரு சின்ன விசிறி இரவு முழுக்க மெதுவாகச் சுற்றட்டும், சுவரைப் பார்த்து. காளானைப் பார்த்துத் திருப்பினால் குடை ஓரம் காய்ந்து வெடிக்கும்.

நேரடியாக மொட்டுமேல் தண்ணீர் அடிப்பதும் இதே வகைத் தவறு. குண்டூசித் தலை அளவு மொட்டு நனைந்து நின்றால் மஞ்சளாகிச் சுருங்கிவிடும். தெளிப்பானைத் தரைக்கும் சுவருக்கும் திருப்புங்கள்.

ஈரம் போய்விடும் என்று அடைத்து வைப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் ஜன்னல், கதவு, சந்து எல்லாவற்றையும் பாலித்தீனால் ஒட்டிவிடுவார்கள். மானியில் 90 சதவீதம் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காளான் மூச்சு விடும் கரியமில வாயு உள்ளேயே தேங்கும். சிப்பிக்காளானில் இதற்கு மீட்டர் தேவையில்லை, காளானே சொல்லிவிடும்: காம்பு விரல் நீளத்துக்கு நீண்டு, குடை பட்டன் அளவில் நின்றால் காற்று போதவில்லை. மேலே சொன்ன அறைக்கு மணிக்கு 4 முறை காற்று மாற சுமார் 270 கனமீட்டர் வெளியேற வேண்டும். 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் சுமார் 250 தள்ளும். ஈ வராமல் மாட்டும் நுண்வலை அதையும் குறைத்துவிடும். 9 அங்குலம் வாங்கி டைமரில் விட்டுவிட்டு ஓட்டுவது மேல். வலையில் காளான் வித்துத்தூள் (குடையிலிருந்து உதிரும் நுண்தூள்) அப்பி அடைத்துக்கொள்வதால் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

கூலர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறும் இங்கேதான். கூலர் தள்ளும் காற்று வெளியேற எதிர்ப்பக்கம் திறப்பு இல்லாவிட்டால், அதே ஈரக் காற்றை அது திரும்பத் திரும்பச் சுற்றும். குளிர்ச்சி நின்றுவிடும், அறை பிசுபிசுக்கும். கூலர் முகத்தின் அளவுக்குக் குறையாத திறப்பு எதிர்ச்சுவரில் வேண்டும்.

ஏசி போடுவது வேறு கதை. ஏசியின் குளிர்ந்த காயில் நீராவி படிந்து வடிகுழாய் வழியே போய்விடும். ஃபாகர் கொடுக்க, ஏசி எடுக்க, மின்கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து வரும். விசிறி வேகத்தை அதிகபட்சமாக வைத்து, வெப்ப அளவை 24, 25-க்கு வைத்தால் காயில் குளிர் குறைந்து ஈர இழப்பும் குறையும். 18-ல் வைப்பதுதான் மோசம். வித்துத்தூள் காயில் பிசின்போல் ஒட்டுவதால் பில்டரை அடிக்கடி கழுவுங்கள்.

வித்து பரவும் அறைக்கும் அதே ஃபாகர்

ஒரே அறையில் இரண்டு கட்டத்தையும் நடத்துபவர்களுக்கு இது வரும். வித்து பரவும் 15 முதல் 20 நாளில் பைக்குள் தேவையான ஈரம் வைக்கோலிலேயே இருக்கிறது. வெளியே பனி தூவினால் பையின் துளைகள் வழியே நீர் இறங்கிப் பச்சைப் பூசணம் பிடிக்கும். வைக்கோலே அளவுக்கு மீறி ஈரமாக இருந்தால் இன்னும் கேடு. வேகவைத்து உலர்த்திய வைக்கோலைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை நனைந்தது போல மட்டும் இருக்க வேண்டும். அதுதான் 60 முதல் 65 சதவீத ஈரம். இடம் ஒன்றே என்றால் நடுவில் தார்ப்பாய் மறைப்பு கட்டி, ஃபாகர் குழாயை மொட்டு விடும் பக்கம் மட்டும் கொண்டு போங்கள்.

ஈரத்தில் இயங்கும் மின்சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்; சுவிட்ச் பெட்டி குடிலுக்கு வெளியே இருக்கட்டும். சிப்பிக்காளான் குடை விரிந்த அறைக்குள் போகும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வித்துத்தூள் நெஞ்சில் இருமலாக இறங்கும்.

அறுவடைக்கு மூன்று மணி நேரம் முன்பே ஃபாகரை நிறுத்திவிடுங்கள். நனைந்த காளான் எடையில் கூடுதலாக நிற்கும், ஆனால் பாக்கெட்டுக்குள் மறுநாளே பழுப்பேறித் திரும்பி வரும்.